கோழிக்கு வாங்கும் தீனி, அணிலுக்கு விருந்தா?

மாதம் பிறந்தால் தீவனக் கடைக்குப் போவது நான். காசு கொடுப்பது நான். மூட்டையை வண்டியில் கட்டிக் கொண்டுவந்து இறக்குவதும் நான். உட்கார்ந்து தின்பது தோப்பு அணில். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

கணக்கு ஒன்றும் பெரிய கணக்கு இல்லை. வளர்ந்த கோழி ஒன்று ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீனி எடுக்கும். எங்கள் வீட்டில் பத்து நாட்டுக்கோழிகள். ஒரு நாளைக்கு ஒரு கிலோ, கொஞ்சம் மேலே. பகலெல்லாம் தோட்டத்தைக் கிளறிப் புழு, கறையான், கீரை என்று பொறுக்குகிற கோழிகளுக்கு அந்த அளவுகூட வேண்டியதில்லை. 50 கிலோ மூட்டை தாராளமாக ஒன்றரை மாதம் வரவேண்டும். ஆனால் மாதம் முடிவதற்குள் சாக்கின் அடி தெரிகிறது. கிலோ முப்பது, நாற்பது கொடுத்து வாங்குகிற சரக்கு இப்படிப் போனால் வயிறு எரியாதா?

அதுவும் பசிக்குத் தின்கிறது என்றால் மனசு ஆறும். வேலூர் மாவட்டம் விரிஞ்சிபுரம் பக்கம், பாலாற்று ஓரம் எங்கள் வீடு. சுற்றிலும் தென்னந்தோப்பு. எங்கள் தோட்டத்திலேயே ஒரு மாமரம், ஒரு வேம்பு, ரெண்டு முருங்கை. சித்திரை வைகாசியில் மாங்காய் கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. அடுத்து வேப்பம்பழம் கொட்டிக் கிடக்கிறது. முருங்கைப் பூவையும் விட்டுவைப்பதில்லை. இவ்வளவையும் விட்டுவிட்டு, மரத்திலிருந்து இறங்கி வந்து, கோழித் தட்டில் ஏறி உட்காருகிறது. "விரிஞ்சிபுரம் மதிலழகு" என்று எங்கள் ஊர்க் கோயில் மதிலைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த மதிலையே பெயர்த்துக் கொண்டுவந்து தோட்டத்தைச் சுற்றி நிறுத்தினாலும் அணில் ஒரே ஓட்டத்தில் ஏறி இந்தப் பக்கம் இறங்கிவிடும்.

இதைச் சொன்னால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதுதான் எனக்கு அணிலைவிடப் பெரிய ஆத்திரம். எதிர்வீட்டு அண்ணன், "போவுது வுடுக்கா, அணிலுதான, ஒரு வாய் துன்னுட்டுப் போவுது" என்கிறார். மாமியாரோ, "ராமரு தடவிக்குடுத்த முதுகு, அதும்மேல கல்லு வுட்டா பாவம்" என்று என் கையிலிருந்த கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். நான் அணிலை அடிக்கப் போவதில்லை, அது கிளையில் இருக்கும்வரை எனக்கும் ஆசைதான். ஆனால் ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று அடுத்தவர் தீவனத்தில் தர்மம் செய்யச் சொல்கிறவர்களை என்ன செய்வது? ஒரு வாய் என்கிறார்கள். எந்த வீட்டு அணில் ஒரு வாயோடு நிறுத்தியிருக்கிறது? ஒன்று வந்து ருசி பார்த்துப் போனால், கொஞ்ச நேரத்தில் தோப்பே வருகிறது.

வந்து தின்கிற அழகையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கலந்து வைப்பது மக்காச்சோளம், கம்பு, அரிசி நொய், தவிடு, மணிலாப் (வேர்க்கடலைப்) புண்ணாக்கு, கொஞ்சம் கருவாட்டுத் தூள். அணில் தட்டின் விளிம்பில் குந்திக்கொண்டு முன்னங்கால் இரண்டாலும் தீனியை வாரி வெளியே தள்ளும். தவிடு பறக்கும். அப்புறம் ஒரு மக்காச்சோள மணியை எடுத்து, கைக்குள் திருப்பித் திருப்பி, முளை இருக்கிற மெத்தென்ற முனையை மட்டும் கொறிக்கும். மீதி மஞ்சள் பாகத்தை அப்படியே கீழே போட்டுவிட்டு அடுத்த மணி. கால்வாசி தின்கிறது, முக்கால்வாசி பாழ். புண்ணாக்குத் துண்டு கிடைத்தால் அதை வாயில் கவ்விக்கொண்டு வேப்பமரத்துக்கு ஓட்டம். வாலைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டு அங்கிருந்து கத்தல் வேறு. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஊரையே மிரட்டுகிற எங்கள் சேவல், இதை ஏனென்று கேட்பதில்லை. தள்ளி நின்று பார்க்கிறது.

கடைசியில் கோழிகளுக்கு மிஞ்சுவது தூளும் தவிடும். கோழிக்கு அலகால் மணியைக் கொத்தத்தான் பிடிக்கும், பொடியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். முட்டையிடுகிற கோழியின் தீனியில் நூற்றுக்குப் பதினாறு, பதினேழு பங்கு புரதம் வேண்டும். மூன்றரைப் பங்கு சுண்ணாம்புச் சத்து வேண்டும். புண்ணாக்கையும் சோளத்தையும் அணில் பொறுக்கிக்கொண்டு போனால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? முட்டை குறைகிறது. கோழி சடைக்கிறது. கடைக்காரரிடம் போனால் "டானிக் ஊத்துங்க" என்று ஒரு பாட்டிலை நீட்டுகிறார். கோழிக்கு நோயா என்ன, டானிக் ஊற்றுவதற்கு? அதன் சாப்பாட்டை வேறு ஒன்று சாப்பிடுகிறது!

தின்றதோடு போனாலும் பரவாயில்லை. வாரி இறைத்ததெல்லாம் மண்ணில் கிடக்கிறது. ஒரு தூறல் விழுந்தால் போதும், ஊறிப் பூசணம் பிடித்துவிடும். மக்காச்சோளத்திலும் மணிலாப் புண்ணாக்கிலும் பிடிக்கிற பூசணம் கோழியின் ஈரலையே கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். ஈரம் படாமல் கிடந்தால் ராத்திரிக்கு எலி வரும். எலி வந்த இடத்துக்கு அதைத் தேடிப் பாம்பு வரும். ஆற்றோரத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சாரை என்றால் சரி, எலியைப் பிடித்துக்கொண்டு போகும். வருவதெல்லாம் சாரையா? குழந்தைகள் முட்டை எடுக்கக் கூண்டுக்குள் கை விடுகிற வீடு இது.

யோசனை சொல்ல மட்டும் எல்லோரும் தயார். எலி மருந்து வைக்கச் சொன்ன மகராசர் ஒருவர் உண்டு. கோழி மேய்கிற இடத்தில் எலி மருந்தா? அணிலுக்கு முன்னால் கோழிதான் கொத்தும். தெருநாய் தின்னும், பிள்ளைகள் தொடும். இன்னொருவர் எலி ஒட்டுகிற பிசின் அட்டையை வாங்கித் தந்தார். அதில் ஒட்டிக்கொண்ட உயிர் துடித்துத் துடித்துச் சாகிறதைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். குஞ்சுக் கோழியும் அதில் கால் வைக்கும். கூண்டு வைத்துப் பிடித்து அடுத்த ஊரில் விட்டுவிடு என்பார்கள். ஒன்று போன இடத்துக்குப் பக்கத்துத் தென்னையிலிருந்து இன்னொன்று வரும், அவ்வளவுதான். பூனை வளர்த்தால் குஞ்சுகளுக்கு யார் காவல்?

மிளகாய்த்தூள் யோசனையில் மட்டும் உண்மை இருக்கிறது. காரம் என்பது ருசி இல்லை, எரிச்சல். மிளகாயில் உள்ள கேப்சைசின், நம் நரம்பில் சூட்டை உணர்கிற டிஆர்பிவி1 என்ற உணர்வியைத் தூண்டிவிடுகிறது. வாயில் நெருப்பை வைத்ததாக மூளைக்குச் சேதி போகிறது. அந்த உணர்வியைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளிடமும் இந்த உணர்வி உண்டு, ஆனால் கேப்சைசினுக்கு அது அசைந்து கொடுக்காது. பழுத்த மிளகாயைக் கிளி கொத்தித் தின்பது அதனால்தான். ஆக, மிளகாய்த்தூள் கலந்த தீனியைக் கோழி சாதாரணமாகத் தின்னும், அணிலுக்கு வாய் எரியும். சரி என்று கலந்தேன். உலர்ந்த தூள் மணியில் ஒட்டுவதில்லை, குலுங்கக் குலுங்க அடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அணிலோ மேலே இருக்கிற மணியை எடுக்கிறது. எண்ணெய் விட்டுப் பிசைந்தால் ஒட்டும். அன்றாடம் கோழித் தீனிக்கு எண்ணெய் ஊற்ற யாரிடம் இருக்கிறது காசு? காற்று அடித்தால் அந்தத் தூள் நம் கண்ணுக்குத்தான் முதலில் வருகிறது.

கடையில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் தீனிக்கலம் விற்கிறார்களே, அதைச் செய்தவர்கள் யாராவது மரம் இருக்கிற வீட்டில் கோழி வளர்த்திருப்பார்களா? நாலு பக்கமும் வலை அடித்த பண்ணைக் கொட்டகைக்கு அது சரி. வெளித் தோட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் அணில் கயிற்றில் தலைகீழாக இறங்குகிறது. மெல்லிய கம்பியில் தொங்கவிட்டால் பக்கத்துக் கிளையிலிருந்து தாவுகிறது. தாவ முடியாத இடமாகப் பார்த்து மாட்டினால் கோழிக்கும் எட்டுவதில்லை. அணிலின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், கொறித்துத் தேய்த்தே ஆகவேண்டும். பிளாஸ்டிக் விளிம்பை ரம்பப் பல் மாதிரி ஆக்கிவிட்டது. இதற்கு "உறுதியானது" என்று ஒட்டி விற்கிறார்கள்!

வெளிநாட்டில் மிதித்தால் மூடி திறக்கிற தகரத் தீனிப்பெட்டி இருக்கிறது. கோழி பலகையில் ஏறி நின்றால் அதன் எடைக்கு மூடி திறக்கும். நம் அணில் ஏறக்குறைய நூறு கிராம்தான், அது ஏறி நின்றாலும் மூடி அசையாது. அருமையான யோசனை. ஆனால் அந்தப் பெட்டி இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள சீமைக் கோழிக்குச் செய்தது. எங்களுடையது சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழி, ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோதான். அது மேலே நின்று குதித்தாலும் மூடி பாதிதான் திறக்கிறது. கோழி ஒன்று மிதித்து அந்தப் பாதியைத் திறந்து வைத்திருக்கும்போது, பக்கவாட்டுச் சந்து வழியாக அணில் நுழைந்து அதன் கழுத்துக்குக் கீழேயே உட்கார்ந்து தின்கிறது. கோழி கதவைப் பிடித்துக்கொள்ள, அணில் சாப்பிடுகிறது. பக்கத்தில் ஒரு தகரத்தை வைத்து அடைத்திருந்தால் தீர்ந்துபோகிற விஷயம். அதற்குக்கூடவா யோசனை வராது?

அப்புறம் வெயில். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களிடம் பேச வேண்டாம். கத்தரி வந்தால் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. அந்த வெயிலில் கோழி பகலில் தீனியைத் தொடாது, வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டு நிழலில் கிடக்கும். விடியற்காலையும் சாயங்காலமும்தான் தின்னும். அணிலுக்கும் அதே நேரம்தான் சுறுசுறுப்பு. ஆக, தீனியை நாள் முழுக்கத் திறந்து வைப்பது முழுப் பைத்தியக்காரத்தனம். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி வைத்து, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். சரி, எடுக்கிறேன். அந்தக் காலை அரைமணி நேரத்தில்தான் அடுப்பில் இட்லி வேகிறது, பிள்ளைகளுக்கு டப்பா கட்ட வேண்டும், குழாயில் தண்ணீர் வருகிறது. குச்சியை எடுத்துக்கொண்டு கோழிக்குக் காவல் நிற்க எந்த வீட்டில் ஆள் சும்மா இருக்கிறது?

ஆகவே கடைசியில் வலைதான். அதிலும் கடைக்காரர் "கோழி வலை" என்று தருவது அறுகோணக் கண் வலை. பெரிய கண்ணாக இருந்தால் அணில் உடம்பை நீட்டி நுழைந்துவிடும். குட்டி அணில் அதைவிடச் சின்னக் கண்ணிலும் போகும். நைலான் வலை என்றால் ஒரே நாளில் கடித்து வழி பண்ணிக்கொள்ளும். அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வெல்டு மெஷ் போட்டால்தான் நிற்கும். நாலு பக்கமும் போதாது, மேலேயும் மூட வேண்டும். ஆறடிக்கு நாலடி, தகரக் கூரை, கொண்டி போட்ட கதவு. தீனி நேரத்தில் கோழிகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன். மூட்டையைத் தகர டிரம்மில் கொட்டி மூடியை அழுத்தி வைத்துவிட்டேன், அதில் இதுவரை பல் இறங்கவில்லை. கூண்டுக்கு இரும்பு, கூலி எல்லாம் சேர்த்து வெல்டிங் கடையில் சொன்ன விலைக்கு இன்னும் பத்துக் கோழி வாங்கலாம். இருந்தும் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

வேலூரிலும் குடியாத்தத்திலும் வெல்டிங் கடைக்குப் பஞ்சமா? பத்துக் கோழி வளர்க்கிற வீடு தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஒரு கிலோ எடை மிதித்தால் முழுசாகத் திறக்கிற மூடி, இரண்டு பக்கமும் தகரம், வாரி வெளியே தள்ள முடியாதபடி உள்பக்கம் மடித்த விளிம்பு. இவ்வளவுதான் வேண்டும். தீவனக் கடைக்காரர்களே, டானிக் பாட்டில் அடுக்கியிருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு பெட்டியைச் செய்யச் சொல்லி வாங்கி வையுங்கள். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் முதல் பெட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன்.