தண்ணி வந்துருச்சுன்னு ஆரு கண்ணு சொன்னாங்க?

ஊராட்சி வேலைகள் ஆன்லைனுக்குப் போனதில் முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊராட்சிக்கு வீட்டு வரி கட்டுவது இப்போது கைப்பேசியில் ஐந்து நிமிட வேலை. எங்க அய்யன் காலத்தில் இதற்காக ஒரு நாள் பாட்டைக் கெடுத்துக்கொண்டு போக வேண்டும். ஊராட்சிச் செயலர் இருந்தால் ரசீது புத்தகம் தீர்ந்திருக்கும். புத்தகம் இருந்தால் செயலர் யூனியன் ஆபீஸ் மீட்டிங்குக்குப் போயிருப்பார். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையும் நல்ல காரியம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் மனதார வரவேற்கிறேன்.

2025 சித்திரையில் எங்கள் ஊர் போர் மோட்டார் காயில் எரிந்துபோனது. நாங்கள் இருப்பது பல்லடம் பக்கம். ஆத்துத் தண்ணி எப்போதாவது வரும், அது குடிக்க மட்டும். பாத்திரம், துணி, மாடு கன்று எல்லாவற்றுக்கும் அந்த உப்புத் தண்ணிதான். அன்றைக்கே இணையத்தில் புகார் பதிந்தேன். உடனே எண் வந்தது. நான்காம் நாள், நடவடிக்கை எடுக்கப்பட்டுப் புகார் முடித்துவைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்தது. அப்போது நான் குழாயடியில்தான் நின்றிருந்தேன். காய்ந்த தொட்டிக்கு முன்னால் இருபது குடம் வரிசையில் இருந்தது. பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் செய்தியைப் படித்துக் காட்டினேன். "தண்ணி வந்துருச்சுன்னு ஆரு கண்ணு சொன்னாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தண்ணீர் வந்தது பதினொன்றாம் நாள்.

டேங்க் ஆபரேட்டர் அண்ணன் விவரம் சொன்னார். ஊராட்சித் தலைவர் இருந்தபோது மோட்டார் போனால் அன்று சாயங்காலமே வண்டியில் ஏற்றி காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காசு அப்புறம். இப்போது போட்டோ, மதிப்பீடு, ஒப்புதல் என்று ஒவ்வொன்றாக மேலே போய் இறங்க வேண்டும். ஒப்புதல் தர வேண்டிய வட்டார வளர்ச்சி அலுவலர் கையில் ஒன்றியத்தின் ஊராட்சிகள் மொத்தமும் இருக்கின்றன. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதர் எத்தனை ஊர் மோட்டாரைப் பார்ப்பார்?

2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் நாங்கள் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. அதோடு ஊராட்சி, தனி அலுவலர் என்ற பெயரில் அந்த வட்டார வளர்ச்சி அலுவலர் கைக்குப் போனது. 2016இலும் இதே கதைதான்; தேர்தல் வர மூன்று வருடம் ஆனது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 29 துறைகளை ஊராட்சிகளிடம் கொடுக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நமக்கோ ஒரு மோட்டாருக்குக்கூட ஊருக்குள் முடிவெடுக்க ஆள் இல்லை.

அதிகாரம் ஊர்க்கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியே போய்ப் பார்க்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை இருக்கிறது. 2006இல் அந்த ஊராட்சி வங்கிக் கடனும் வாங்கி, சேர்த்து வைத்த பணத்தையும் போட்டு, உடுமலை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. செலவு ஒன்றரைக் கோடிக்கு மேல். தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போக மிச்ச மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்பனை. கடன் வாங்கும் துணிச்சல் ஊருக்கே பதில் சொல்ல வேண்டிய ஒரு மன்றத்துக்கு வந்தது. நாளைக்கு மாற்றலாகிப் போகிறவருக்கு அது எப்படி வரும்?

ஆன்லைன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புகார் கொடுத்தவர் சரி என்று சொன்ன பிறகுதான் புகாரை மூட முடியும் என்று ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள், போதும். மோட்டார், குழாய், தெருவிளக்கு மாதிரி அவசரச் செலவுக்கு ஒரு வரம்பு வைத்து, அதுவரை ஊராட்சியே முடிவெடுக்கட்டும். கணக்கை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடட்டும். தேர்தலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு அந்தக் குறுஞ்செய்தியை அச்செடுத்துக்கொண்டு போகப் போகிறேன், தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லி. ஆத்தாவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.