ஹோய் ஆன் பாலம் பெயின்ட் அடித்த பொம்மை இல்லை

பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோவை இன்று காலையும் நாலைந்து பேர் எனக்கு டேக் செய்திருக்கிறீர்கள். "ஹோய் ஆன் பாலமா? எல்லாம் புதுசு, பெயின்ட் அடிச்ச பொம்மை, போகாதீங்க" என்று பேசுகிற அதே வீடியோதான். நம் வட்டத்து ஆட்களே கீழே சிரித்து வைத்திருக்கிறார்கள். நான் போட்ட படங்களுக்குக் கீழேயும் "நல்லா ஏமாத்திட்டாங்க அக்கா" என்று ஒரு கமென்ட்.

ஏமாறவில்லை தம்பி. அது பழைய பாலம்தான். பழுது பார்த்த பழைய பாலம்.

வியட்நாமில் தூ போன் ஆற்றங்கரைத் துறைமுகம் ஹோய் ஆன். பட்டும் பீங்கானும் வாங்க ஜப்பானியரும் சீனரும் வந்து தெருத்தெருவாகக் குடியேறிய ஊர். அங்கே ஒரு சிறிய ஓடையின் மேல் ஜப்பானிய வணிகர்கள் கட்டியது இந்தக் கூரைப் பாலம். 1630-களில் ஜப்பான் தன் மக்கள் வெளிநாடு போவதையே தடை செய்தது. கட்டியவர்களின் தொடர்பு அறுந்துபோனது. அதற்குப் பிறகு பாலத்தைக் காப்பாற்றியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். 1817, 1865, 1915, 1986 என்று தலைமுறைக்குத் தலைமுறை பழுது பார்த்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறு பொங்கித் தெருவுக்குள் வரும் ஊர் அது. மரமும் ஓடும் எத்தனை வருஷம் சும்மா நிற்கும்?

"பழைய போட்டோவைப் பாருங்க, எவ்வளவு அழகா இருந்தது" என்கிறீர்கள். பார்த்தேன். பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமை ஆண்ட காலத்தில் கார் போவதற்காக அந்தப் பாலத்தின் தளத்தைத் தட்டையாக்கிவிட்டார்கள். 1986-இல்தான் பழையபடி வளைவாக மாற்றினார்கள். நீங்கள் ஏங்குகிற அந்த வளைவே பழுது பார்த்து மீட்டதுதான். அப்போது யாராவது அதைப் பொம்மை என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு உங்களுக்கு ஏங்குவதற்கு என்ன இருந்திருக்கும்?

இந்த முறை 2022 டிசம்பரில் வேலையைத் தொடங்கி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். வியட்நாம் பணத்தில் 2,000 கோடி டாங்குக்கு மேல் செலவு. உள்ளே நின்று நிதானமாகப் பாருங்கள், கறுத்துப்போன பழைய மரத்தோடு வேறு நிறத்தில் புதுத் துண்டு பொருத்தியிருப்பது சில இடங்களில் கண்ணுக்கே தெரியும். ஏமாற்ற நினைப்பவன் அதை மறைத்திருக்க மாட்டானா?

நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்பவர்களுக்கு, சரி, இருக்கிறது. அந்த ஊரிலும் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. அது அவர்கள் பாலம், அவர்கள் சண்டை போடலாம். நாலு மழைக்கு மங்கிவிடும். டிக்கெட் விலை பற்றிப் புலம்புகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, தேவையும் இல்லை.

இது ஏன் எனக்கு இவ்வளவு சுடுகிறது என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் அப்பா ஓடு மாற்றினார். வருஷக்கணக்காக ஒழுகிய இடத்தில் அண்டா வைத்து, ராத்திரியில் எழுந்து எழுந்து தண்ணீரைக் கொட்டியவர்கள் நாங்கள். வேலை முடிந்ததும் வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் வாசலில் நின்றபடியே "அந்தக் காலத்துக் களையே போச்சே" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஒழுகல் தெரியாதவர்களுக்குத்தான் பழமை மேல் ஆசை அதிகம்.

அப்புறம், இன்னொன்று. அது வெறும் பாலம் இல்லை, உள்ளே கோயில் இருக்கிறது. வடதிசைக் காவல் தெய்வமான ட்ரான் வூவுக்கு. அங்கே ஒரு கதை சொல்வார்கள். கடலுக்கு அடியில் ஒரு பெரிய ஜந்து, தலை இந்தியாவில், வால் ஜப்பானில். அது புரண்டால் நிலநடுக்கம், வெள்ளம். அது அசையாமலிருக்க முதுகில் குத்திய வாள்தான் இந்தப் பாலமாம். தலை நம் பக்கம் இருக்கிறது என்று சொல்லும் ஊருக்குப் போய் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்?

நான் கண்ணால் பார்த்தேன். பாலத்தின் ஒரு முனையில் குரங்குச் சிலைகள், மறுமுனையில் நாய்ச் சிலைகள். குரங்கின் முன்னால் ஒரு பாட்டி ஊதுபத்தி வைத்துக்கொண்டிருந்தார். நம் ஊர்க் குழு ஒன்று, ரீல்ஸ் எடுக்கிற அவசரத்தில், "ஆன்ட்டி, நகருங்க, நகருங்க" என்று கையைக் காட்டிக் கத்தியது. அவருக்குத் தமிழ் புரியவில்லை, கை புரிந்தது. பாதி கும்பிட்டவர் அப்படியே ஒதுங்கி நின்றார். வெட்கமாக இருந்தது. அவர்களில் ஒருவர் "இதுல என்னடா இருக்கு, செட்டு மாதிரி இருக்கு" என்றது இன்னும் காதில் இருக்கிறது.

உடனே "நீங்க மட்டும் போட்டோ எடுக்கலையா" என்று வருவீர்கள். எடுத்தேன். அந்தப் பாட்டி கும்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து எடுத்தேன்.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அது உங்கள் இஷ்டம். போலி என்று சொல்லாதீர்கள். தினமும் அங்கே விளக்கேற்றுகிறவர்களையும், அழுகிய மரத்தை மாற்றிய தச்சர்களையும் சேர்த்துப் பொய்யர்களாக்குகிறீர்கள். அந்த வீடியோவை இனி எனக்கு டேக் செய்ய வேண்டாம்.