ராமநாதா என்றால் எந்த ராமநாதன்?

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் பேரனுக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பெயரைத்தான் வைப்போம். நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் நாலு பேரனுக்கும் ஒரே பெயர். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக் கூடியிருக்கும்போது வளவில் நின்று 'ராமநாதா' என்று கூப்பிட்டால், பட்டாலையில் கிட்டத்தில் இருப்பவன் 'என்ன' என்பான். நாம் கூப்பிட்டதோ இரண்டாங்கட்டில் இருப்பவனை. இதற்காகத்தான் முன்னோர் முதலெழுத்துகளைக் கோத்து விலாசம் என்று ஒன்று இருக்கிறது.

போன வாரம் காரைக்குடியில் அக்கா மகன் ஜாவா மொழியில் ஒரு புரோகிராம் எழுதி லேப்டாப்போடு வந்தான். "அம்மான், கம்பைல் ஆகுது, ஓட மாட்டேங்குது." கிளாஸ் ஃபைல் (கம்பைல் செய்தால் கிடைப்பது) பதிப்பு 61.0, எனக்கு 52.0 வரைதான் தெரியும் என்று திரையில் புலம்பல். 61 என்றால் ஜாவா 17, 52 என்றால் ஜாவா 8. பேரன் எழுதியதை ஐயாவிடம் படிக்கக் கொடுத்திருக்கிறான்.

"17தானே போட்டேன், ஜாவா ஹோமும் வச்சிருக்கேன்" என்றான். வைத்திருந்தான்; ஜாவா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சொல்லும் அமைப்பு அது. ஆனால் மேவன், கிரேடில் போன்ற பில்ட் கருவிகள்தான் அதைப் பார்க்கும். வெறுமனே ஜாவா என்று தட்டினால் விண்டோஸ் தேடுவது பாத் வரிசையில், அதாவது எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியலில். அதிலும் எல்லாருக்கும் பொதுவான சிஸ்டம் பாத் முதலில், அவரவருக்கான யூசர் பாத் அதற்கப்புறம். எந்தெந்த ஜாவா இருக்கிறது என்று பார்க்க 'வேர் ஜாவா' (where java) என்று தட்டச் சொன்னேன். இரண்டு வரி வந்தது. முதல் வரி ஜாவா 8. டிஜிட்டல் கையெழுத்துக்காக அயித்தான் (அக்கா வீட்டுக்காரர்) என்றைக்கோ ஏற்றியது, சிஸ்டம் பாத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது. இவன் 17ஐச் சேர்த்தது யூசர் பாத்தில். அந்த 8இல் ஓட்டுகிற ஜாவா மட்டும்தான், கம்பைலர் கிடையாது. ஆகவே கம்பைலரைக் கூப்பிடும் 'ஜாவாசி' (javac) என்றதற்கு 17 வந்தது, 'ஜாவா' என்றதற்கு 8 வந்தது.

"பழசைத் தூக்கிடவா?" தூக்கினால் அயித்தான் என்னைத் தேடுவார்.

சிஸ்டம் பாத்தில் 17ஐ மேலே ஏற்று என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு 21 போடுவான், மறுபடி ஏற்றுவான். செட்எக்ஸ் (setx) என்ற கட்டளை போட்டு மாற்றுவது அதைவிட மோசம்: பாத்தை 1024 எழுத்தோடு வெட்டிவிடும். நானே ஒரு தடவை அப்படி வெட்டிக்கொண்டு விழித்திருக்கிறேன்.

நம் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் வேறு வைப்போம். வீடு ஒன்று, அடுப்பு தனி. கம்பைலருக்கும் அதுதான் சரி. ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே ஒரு சின்ன பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்): ஜாவா ஹோம் இன்ன இடம், அதன் 'பின்' ஃபோல்டர் பாத்தில் முன்னால் (பெயர்தான் பின்!). அதை ஓட்டிய கட்டளை ஜன்னலை மூடினால் எல்லாம் போய்விடும், பொது வரிசையில் யாருக்கும் இடம் மாறாது. லினக்ஸில் இரண்டு ஜிசிசி (சி, சி++ கம்பைலர்) வைத்திருப்பவர்களும், எந்தக் கம்பைலர் என்று சொல்லும் சிசி (CC), சிஎக்ஸ்எக்ஸ் (CXX) இரண்டையும் இப்படியே ப்ராஜெக்டுக்குள் வைக்கலாம். சிமேக் என்ற பில்ட் கருவி மட்டும் முதலில் பார்த்த கம்பைலரையே பிடித்துக்கொள்ளும். பழைய பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

ஃபைலுக்கு என்ன பெயர் வைக்க என்றான். விலாசம் என்று வை என்றேன். ஓடியது, சந்தோஷமாகப் போனான். எடிட்டரையும் அதே ஜன்னலிலிருந்துதான் திறக்கணும், டெஸ்க்டாப் ஐகானைச் சொடுக்கித் திறந்தால் அதற்கு இது எதுவும் தெரியாது என்று சொல்ல மறந்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்குப் போன்: "அம்மான், திரும்ப 52ங்குது."