பாட்டைத் தொடங்கும் உரிமை

யூத ஜெபஆலயங்களில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் இடம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சிறப்புக் கல்வி ஆசிரியையாக எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு.

2009 முதல் பிப்ரவரியை மாற்றுத்திறனாளிகளுக்கான மாதமாக அமெரிக்க யூதர்கள் கடைப்பிடிக்கிறார்கள். மிக நல்லது. மார்ச் வந்ததும் அந்தப் பிள்ளை எங்கே? பெரும்பாலும் கடைசி வரிசையில், சத்தம் வந்தால் வாயைப் பொத்தத் தயாராக இருக்கும் அம்மாவின் பக்கத்தில்.

வாசிப்புதான் பெரிய தடை. யூதர்களின் வேதமான தோரா எழுதிய சுருளில் உயிர்க்குறியும் கிடையாது, ராகக்குறியும் கிடையாது. 13 வயதில் பார் மிட்ஸ்வாவுக்கு, அதாவது சமயக் கடமைகளை ஏற்கும் சடங்குக்கு, நிற்கும் பையன் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்துதான் பாடுகிறான். அது முடியாதவன் ஒதுங்கிவிடுகிறான். அந்தத் தோராவைக் கொடுத்த மோசேயே தன்னைத் 'திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்' என்று சொல்லிக்கொண்டவர்தானே!

ஆனால் வழிபாட்டில் சுருளுக்கு அழைக்கப்படுபவர் ஆசிமொழி சொன்னால் போதும். வாசிப்பை வேறொருவர் செய்வார். அழைக்கப்பட்டவர் 'பர்கு' ('போற்றுங்கள்') என்று தொடங்கினால் சபை முழுக்கப் பதில் சொல்லியாக வேண்டும். பேச்சு வராத சிறுமி மடியிலிருக்கும் கருவியில் பொத்தானை அழுத்துகிறாள், பதிவான குரல் 'பர்கு' என்கிறது, அத்தனை பெரியவர்களும் அவளுக்குப் பதில் பாடுகிறார்கள் என்றால் அவள் முகம் எப்படி மலரும்! மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஓய்வுநாளான சனிக்கிழமை மின்கருவி கூடாது. சரி, திங்களும் வியாழனும் தோரா வாசிப்பு உண்டே, அன்று பையன்களையாவது அழைக்கலாமே. பதிவுக் குரல் செல்லுமா என்பதை ரபிகள் (யூத மதகுருக்கள்) விவாதிக்கட்டும். விவாதமாவது நடக்கட்டும்.

யூதச் சட்டம் நகராதது ஒன்றும் இல்லை. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா காதுகேளாதவரையும் சித்தம் தெளியாதவரையும் சிறுவரையும் ஒன்றாக வைத்துக் கடமையிலிருந்து விலக்கியது. 2011இல் யூத சமயத்தின் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக்குழு, சைகைமொழி பேசுவோரை அந்த வரிசையிலிருந்து விடுவித்தது.

அதைவிட எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது, ஹசிதியர்கள் என்ற யூத பக்தி இயக்கத்தாரின் நிகுன். பெரும்பாலும் சொல்லே இல்லாத மெட்டு அது. தொடங்கிவைக்க ஹீப்ரு எழுத்து ஒன்றுகூடத் தெரிய வேண்டாம். யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாளின் தொழுகை நடுவே எழுத்தறியாத பையன் குழலை ஊதிவிட, அந்த ஒலிதான் எல்லோருடைய ஜெபத்தையும் மேலே கொண்டுபோனது என்று ஹசிதிய இயக்கத்தைத் தொடங்கிய பால் ஷெம் தோவ் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. அந்தக் கதையை உருகிச் சொல்பவர்களே ஆட்டிசப் பிள்ளை குரலெழுப்பினால் திரும்பி முறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தனி வழிபாடு வேண்டாம். வழக்கமான வழிபாட்டிலேயே ஒரு நிகுனை இந்தப் பிள்ளைகளில் ஒருவர் தொடங்கட்டும். வாசிப்பு மேடைக்குச் சாய்தளம் போடுங்கள். சத்தம் தாளாத பிள்ளைக்குக் காதடைப்பான் வாசலிலேயே இருக்கட்டும். வழிபாட்டின் கடைசியில் பாடும் அதோன் ஓலாம் என்ற துதிப்பாடலுக்குத்தான் எத்தனையோ மெட்டுகள் உண்டே, இந்தச் சனிக்கிழமை எந்த மெட்டு என்று அந்தப் பிள்ளையைக் கேளுங்கள்.