டெல்லி நோட்ஸில் எங்கள் மலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் ஊர்த் தங்கை ஒருவர் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஐ.ஏ.எஸ். ஆக எழுதும் யு.பி.எஸ்.சி. மெயின்ஸுக்கான மானிடவியல் நோட்ஸ். டெல்லியில் ஏதோ ஒரு கோச்சிங் சென்டர் அச்சடித்தது, நாலைந்து கை மாறி, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வந்திருக்கிறது. ரோஸ் கலர் மார்க்கர் அடித்த பக்கத்தைத் திருப்பி, "அண்ணா, இதுல நம்ம ஊர் வருது" என்றார்.

நீலகிரிப் பழங்குடிகள் என்ற தலைப்பின் கீழே தோடர், கோத்தர், குறும்பர், இருளர். அதே வரிசையில் படுகர். தங்கை படுகர் வீட்டுப் பெண். "நான் டிரைப்னா என் சர்டிபிகேட்ல ஏண்ணா பி.சி.ன்னு இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். எஸ்.டி. பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல வருஷமாகக் கோரிக்கை இருக்கிறது, அது தனிக் கதை. இன்னும் சேர்க்கவில்லை என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

அதற்கு நாலு வரி தள்ளி, தோடர்களிடம் ஒரு பெண்ணுக்குப் பல கணவர் என்ற வழக்கம் "உள்ளது" என்று நிகழ்காலத்தில் போட்டிருந்தது. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1901-02இல் இங்கே வந்து தங்கி, வம்சாவளி கேட்டு எழுதி, 1906இல் புத்தகமாகப் போட்டார். நோட்ஸ் எழுதியவர் அந்த 1906ஐ விட்டு இன்னும் கிளம்பவில்லை.

சரி, விஷயம் அதுவல்ல. தங்கை ஊட்டி கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவர். மெயின்ஸில் நாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடமாக எதை எடுப்பது என்று மூன்று மாதமாகக் குழப்பம். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், தமிழ் இலக்கியம் சுலபம், எடு என்கிறார். டெல்லியில் இருக்கும் தோழி, மானிடவியல் சிலபஸ் சின்னது என்கிறார். யூடியூபில் ஒருவர் சமூகவியல்தான் ஸ்கோரிங் என்கிறார். மொத்தம் 48 பாடம், அதில் 23 இலக்கியப் பாடம். ஆளுக்கு ஒன்று சொன்னால் குழம்பாமல் என்ன செய்யும்? எதைப் படித்தால் உனக்குத் தூக்கம் வராது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

என்னிடமும் 2012இல் யாரும் கேட்கவில்லை. அப்போது இரண்டு விருப்பப் பாடம். எழுத்துத் தேர்வின் 2000 மதிப்பெண்ணில் 1200 அவற்றுக்கே. சென்னையில் ரூமில் கூட இருந்த சீனியர் சொன்னார் என்று பொது நிர்வாகம் எடுத்தேன், ஊரே அதைத்தான் எடுத்தது. இன்னொன்று புவியியல், அது மட்டும் என் ஆசைக்கு. அப்பா பச்சைத் தேயிலை போட்ட காசு ரூம் வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் போனது. பொது நிர்வாகப் புத்தகத்தைத் திறந்தால் எனக்குக் கொட்டாவி வரும். அதிகார வர்க்கம் பற்றி எழுதிய மாக்ஸ் வெபரை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டிருந்தார்கள். நான் கேட்டதை விட்டுவிட்டு, படித்ததை எழுதிவிட்டு வந்தேன்.

புவியியல் அப்படியில்லை. ஆனி ஆடியில் கூடலூர், தேவாலா பக்கம் குடை காயாது. அதே மாதம் கோத்தகிரியில் சாரல்தான் வரும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஒரே மலை, இரண்டு பருவமழை. மலை தடுப்பதால் மழை குறையும் மழை மறைவுப் பகுதி என்பதை எனக்குப் படம் போட்டு விளக்கத் தேவைப்படவில்லை. மதிப்பெண் பட்டியல் வந்தபோது இரண்டு பாடத்துக்கும் நடுவில் இருந்த பள்ளத்தைப் பார்த்து அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷமே, 2013இல், விருப்பப் பாடத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள்! எனக்கு அதற்குள் தெம்பு போய்விட்டது. குரூப் 2 எழுதி இன்று குன்னூரில் ஃபைல் பார்க்கிறேன். குறையில்லை.

இப்போது எழுத்துத் தேர்வு 1750, விருப்பப் பாடம் 500. குறைந்துவிட்டதே, எதையாவது எடுத்தால் என்ன என்று சிலர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பொது அறிவுத் தாளுக்கு எல்லோரும் அதே பத்துப் புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்ட இந்த 500தான் பெரிய இடம்.

ஸ்கோரிங் என்ற சொல்லையே நான் நம்புவதில்லை. மருத்துவ அறிவியல் எடுப்பவர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். முடித்தவர். கொஞ்சம் பேர் எழுதி அதில் சிலர் தேறினாலே சதவீதம் தூக்கலாகத் தெரியும். அந்தச் சதவீதத்தைப் பார்த்து நாம் ஸ்டெதஸ்கோப் மாட்ட முடியுமா? தமிழ் சுலபம் என்பதும் அப்படித்தான். வீட்டில் படுகு பேசி, பள்ளியில் தமிழ் படித்த பிள்ளைக்கு மட்டுமல்ல, தஞ்சாவூர்க்காரருக்கும் தொல்காப்பியம் சுலபமில்லை. கம்பராமாயணத்தின் கும்பகருணன் வதைப் படலத்தை வாய்விட்டுப் படித்து, இன்னொரு தடவை படிக்கத் தோன்றினால் எடுக்கட்டும், நானே கூட உட்கார்ந்து படிக்கிறேன்.

மானிடவியலிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. நம்ம ஊர் வருகிறது, அதனால் நமக்கு வரும் என்ற நினைப்பு. தோடர் நெய்யும் பாலும், கோத்தர் இரும்புச் சாமானும் பானையும் வாத்தியமும், படுகர் தானியமும், குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொடுத்து வாங்கிய அந்தப் பழைய முறையைத் தங்கை நன்றாகச் சொல்வார். சாவு வீட்டுக்குக் கோத்தர் வந்து வாசித்ததைப் பாட்டி தன் அம்மா சொல்லக் கேட்டு இவரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அது இரண்டாம் தாளில் ஒரு மூலை. முதல் தாளில் மரபணு, புதைபடிவ மனிதர், மரபணு விகிதத்தைக் கணக்கிடும் ஹார்டி-வைன்பர்க் விதி, உறவுமுறைக் கோட்பாடுகள் என்று பாதி உலகம் கிடக்கிறது. பாட்டி அங்கே வரமாட்டார். விலங்கியல் படித்தது வேண்டுமானால் கைகொடுக்கும்.

அதனால் நான் சொன்னது ஒன்றுதான். நோட்ஸை மூடி வை. தமிழ், மானிடவியல் இரண்டு பாடத்தின் சிலபஸையும் ஐந்து வருஷக் கேள்வித்தாளையும் பிரிண்ட் எடு. எந்தக் கோச்சிங்குக்கும் பணம் கட்டாதே. பதினைந்து நாள் அதை மட்டும் படித்துவிட்டு, கடிகாரத்தை வைத்து ஒவ்வொன்றிலும் இரண்டு பதில் எழுது. எந்தக் கேள்விக்கு எழுத எழுதக் கை நிற்கவில்லையோ, அது தெரிந்துவிடும். மாநிலத் தேர்வும் கூடவே எழுதுகிறேன் என்றால் இன்னொன்றும் யோசி. குரூப் 1இல் விருப்பப் பாடமே கிடையாது, இந்த உழைப்பு அங்கே நேராக உதவாது.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ வந்தது. தமிழ் பதில் இரண்டும் ஒரு பக்கத்தோடு நிற்கின்றன. ஹார்டி-வைன்பர்க் பதில் அட்டவணையோடு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறது. நீலகிரிப் பண்டமாற்று பற்றிய பதிலில் எட்டு வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "நோட்ஸ் தப்பு. பாட்டியிடம் கேட்க வேண்டும்." நேரம் முடிந்த பிறகும் எழுதியிருக்கிறார், பேனா மை மாறியிருந்தது.