மந்திரம் குறைவாக இருந்தால் என்ன?

ஜோ வால்டனின் 'அமங் அதர்ஸ்' நாவலில் மந்திரம் குறைவு, புத்தகப் பேச்சுதான் அதிகம் என்று அந்நாவலைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் குறைப்படுகிறார். எனக்குப் பிடித்ததே அதுதான். தொடக்கத்தையே பாருங்கள். வேல்ஸில் சுற்றுவட்டார மரங்களையெல்லாம் கருக்கும் தொழிற்சாலையை ஒழிக்க, இரட்டைச் சிறுமிகள் குட்டையில் பூவைப் போடுகிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பேப்பரில், ஆலையை மூடப்போகிறார்களாம்! மந்திரமா, தற்செயலா?

அப்புறம் 1979. சகோதரியை இழந்து, கால் ஊனமாகி, இங்கிலாந்து விடுதிப் பள்ளியில் தனியாகக் கிடக்கும் மோரி (அந்த இரட்டையரில் ஒருத்தி), லெ குவின், டிலேனி, ஸெலாஸ்னி என்று அறிவியல் புனைகதை எழுத்தாளர்களை வாசித்துத் தள்ளுகிறாள். துணை வேண்டி மந்திரம் போட்டதும் நூலகத்தில் அறிவியல் புனைகதை வாசகர் வட்டம் கிடைக்கிறது. இவர்கள் தானாக அமைந்தவர்களா, தன் மந்திரத்தால் வந்தவர்களா என்று அவள் குழம்பும் பக்கங்கள் அபாரம். அம்மாவுடனான இறுதி மோதலைத்தான் வால்டன் அவசரமாக முடித்துவிட்டார். ஆனாலும் 2012இல் கிடைத்த ஹியூகோ விருதுக்கு (அறிவியல் புனைகதை, மிகுபுனைவுக்கான விருது) தகுதியான நாவல்தான்.