நான் அங்கே இரண்டு முறை இருந்தேன்

நேற்றைய கூத்து உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். அதனால் சுருக்கமாக: போட்டோ போட்டியின் கண்காட்சியில் மாட்டியிருந்த என் படத்தை, நான் எடுத்ததல்ல, ஏஐ உருவாக்கியது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். "இது ஏஐ" என்று வாயால் சொன்னாலே போதும், கண்காட்சிச் சுவரிலிருந்து ஒரு படத்தை இறக்கிவிடலாம் என்று தெரிந்துகொண்டேன். ஆணி இன்னும் அங்கேயே இருக்கிறதாம். நல்லவேளை, அதையும் ஏஐ என்று யாரும் சொல்லவில்லை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி முகத்தைச் சுளிக்கிறவன் நான். எதிரே குத்துக்காலிட்டு அந்தக் காலில் ஏறிய முள்ளை ஊசியால் எடுக்கிறவனும் நான். அதே அறை, அதே விளக்கு, நடுவில் 20 நிமிடம். இரண்டு முறையும் நான் அங்கே இருந்தேன். இல்லாத எதையும் நான் கொண்டுவந்து வைக்கவில்லை. இருந்த ஆளைத்தான் இரண்டு தடவை எடுத்து, ஒரே படமாக ஒட்டினேன்.

"ஏஐ-யில் ஒரு வரி தட்டினால் இதைவிட நன்றாகவே வருமே, தம்பி" என்று ஒருவர் அக்கறையாகச் சொன்னார். வரும் அண்ணே, யார் இல்லை என்றது? ஆனால் அந்த ஒரு வரிக்கு இடுப்பு வலிக்காது.

கேமராவை ட்ரைபாடில் பூட்டினேன். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) எதையும் ஆட்டோவில் விடவில்லை. விட்டால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமரா தானாக ஒரு முடிவெடுக்கும், இரண்டு படமும் ஒட்டாது. ஜன்னலையும் மூடியாயிற்று. ஒரு மேகம் குறுக்கே வந்தால் தரையின் நிறமே மாறிவிடும். இதெல்லாம் பால பாடம். ஒரு நான் இடது ஓரம், ஒரு நான் வலது ஓரம் என்றால் நடுவில் ஒரு கோடு கிழித்து ஒட்டிவிடலாம், சின்னப் பையன்களே செய்கிறார்கள். ஒரு நான் இன்னொரு நானைத் தொடும்போதுதான் சனி பிடிக்கிறது.

கால் நீட்டியபோது அதைக் கவிழ்த்த வாளி மேல் வைத்தேன். குத்துக்காலிட்டபோது அங்கே கால் இல்லையே, கை எதைப் பிடிக்கும்? ஒரு காலுறைக்குள் துண்டைச் சுருட்டித் திணித்து, அதே வாளி மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். சரி, நிழல்? முள் எடுக்கிறவன் இல்லாத படத்தில் அவன் நிழல் மட்டும் காலில் எப்படி விழும்? அவன் இடத்தில் ஒரு முக்காலியை வைத்து, அதன் மேல் தலையணையை நிறுத்தி, என் சட்டையை மாட்டினேன். பார்வை இன்னொரு தொல்லை. முதல் ஷாட்டுகளில் என் தலைக்கு மேலே இருக்கிற சுவரைப் பார்க்கிறேன், என்னை நானே மதிக்காத மாதிரி. கண் மட்டத்துக்கு ஒரு காகிதத் துணுக்கை ஒட்டிவைத்த பிறகுதான் அது சரியாயிற்று. மொத்தம் 14 ஷாட். எடுத்துக்கொண்டது மூன்று. மூன்றாவது, யாருமே இல்லாத வெற்று அறை. அப்புறம் கணினியில் லேயர், மாஸ்க்: படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வேண்டாத இடத்தை மறைக்கிற வேலை. கறுப்பைத் தடவினால் மறையும், வெள்ளையைத் தடவினால் திரும்ப வரும். கட்டைவிரல் கணுக்காலில் படுகிற அந்த ஓரத்துக்கு மட்டும் ஒரு ராத்திரி போயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நடுவர் சுட்டிக்காட்டிய ஆதாரம் என்ன தெரியுமா? "சுண்டுவிரலைப் பாருங்கள், கோணலாக இருக்கிறது. ஏஐ-க்கு விரல் வராது." ஐயா, அது ஏழு வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல். நேரிலும் அப்படித்தான் இருக்கும். அங்கேயே நீட்டிக் காட்டினேன், அவர் பார்க்கவில்லை. கேமரா பதிந்தபடியே இருக்கிற 14 ரா ஃபைலையும் கொண்டுவருகிறேன் என்றேன். நேரமில்லையாம். படத்தை இறக்க மட்டும் நேரம் இருந்தது.

அடுத்து, "போட்டோ என்றால் ஒரு கணம், இரண்டு கணத்தை ஒட்டினால் அது போட்டோவே இல்லை" என்கிற தத்துவக்காரர்கள். ஆஸ்கர் ரெய்லாண்டர் என்று இங்கிலாந்தில் ஒரு போட்டோக்காரர் 1857-லேயே 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். விக்டோரியா மகாராணி அதில் ஒரு பிரதி வாங்கினார். அதே ரெய்லாண்டர் 1871 வாக்கில் இன்னொன்றும் செய்தார். ஓவியரான ரெய்லாண்டர், தொண்டர் படைச் சீருடையில் நிற்கிற ரெய்லாண்டரை நமக்கு அறிமுகப்படுத்துகிறார், ஒரே படத்தில். என் படத்தை மகாராணி வாங்க வேண்டாம், இறக்காமல் இருந்திருந்தால் போதும்.

ஒரு கணமாம். உங்கள் கையிலிருக்கும் போனில் நைட் மோடை அமுக்கும்போது என்ன நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்? கடகடவென்று பல ஷாட் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, உங்களைக் கேட்காமலே ஒட்டித் தருகிறது. பனோரமாவில் நண்பனை இடது கோடியில் நிறுத்தி, போன் திரும்புவதற்குள் அவனை முதுகுக்குப் பின்னால் ஓடவிட்டு வலது கோடியிலும் பிடிக்கிறீர்களே, அவன் போலியா? சுழலும் கேமராவில் நீளமான குரூப் போட்டோ எடுத்த காலத்திலேயே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பின்னால் ஓடி இரண்டு முனையிலும் நின்றிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இரண்டு இடத்திலும் நின்றது. நானும் நின்றேன்.

"விதிமுறையில் ஒரே ஷாட் என்று போட்டிருந்தார்களே?" போட்டிருந்தார்கள். நான்காவது விதி. இருக்கட்டும். அதைச் சொல்லி இறக்கியிருந்தால் வாயை மூடிக்கொண்டு படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்திருப்பேன். ஏஐ என்று ஏன் சொன்னீர்கள்?

"இப்படி ஒட்டித்தானே ஊரை ஏமாற்றுகிறார்கள்" என்பதில் நியாயம் இருக்கிறது. செய்திப் படத்தில் ஒரு ஆளைச் சேர்த்தாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு. 1860-களில் வில்லியம் மம்லர் என்ற அமெரிக்கப் போட்டோக்காரர், செத்துப்போனவர்களின் ஆவி பக்கத்தில் நிற்கிறது என்று சொல்லி, துக்கத்தில் இருந்தவர்களிடம் படம் விற்றார். 1869-ல் நியூயார்க்கில் மோசடி வழக்கு நடந்தது, விடுதலையும் ஆகிவிட்டார். ஆவி வந்தது என்று அவர் சொன்னார். எனக்கு இரட்டைப் பிறவி உண்டென்று நான் எங்கேயாவது சொன்னேனா? படத்துக்குக் கீழேயே எழுதி ஒட்டியிருந்தேன்: இருவரும் நானே.

சரி, இவ்வளவு கோபம் எதற்கு என்று மனைவியே கேட்டுவிட்டாள். சொல்கிறேன்.

அப்பா ஃபிலிம் கேமரா வைத்திருந்தார். வீட்டில் எல்லாருடைய படமும் உண்டு, அவருடையது இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன் எப்படிப் படத்துக்குள் வருவான்? எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள், கறுப்பு அட்டையை வெட்டி லென்ஸில் பாதியை மறைத்தார். என்னை ஷட்டரை அமுக்கச் சொல்லிவிட்டுப் போய் இடது பக்கம் நின்றார். அமுக்கினேன். "ஃபிலிமைச் சுத்திடாதடா, சுத்திடாதடா" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். அட்டையை மறுபாதிக்கு மாற்றினார். வலது பக்கம் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மறுபடியும் அமுக்கினேன். ஒரே நெகட்டிவ், இரண்டு அப்பா. அட்டை சரியாகச் சேராததால் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. நின்ற அப்பா உட்கார்ந்த அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அப்பா இருக்கிற படம் எங்களிடம் அது ஒன்றுதான். அம்மா அதைத் துடைக்கும்போது இரண்டு முகத்தையும் துடைப்பாள். எது அசல் என்று கேட்டதில்லை. நேற்று ஒருவர் என் படத்தைக் காட்டி என்னிடம் கேட்டார், "இதில் ஒரிஜினல் எது?" என்று. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அப்பா போனபோது ஃப்ரேம் போட்டு மாட்ட ஒற்றை ஆள் படம் வேண்டுமென்றார்கள். யாரோ அவசரத்தில் அந்தப் பிரிண்டையே கறுப்புப் பட்டையோடு கத்தரித்தார்கள். உட்கார்ந்திருக்கிற அப்பா சுவருக்குப் போனார். அவர் யாரையோ நிமிர்ந்து பார்க்கிற மாதிரி இருக்கும். அங்கே யாரும் இல்லை.

நின்ற அப்பா எங்கே போனார் என்று நேற்று ராத்திரிதான் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அம்மா, "பரண்ல பாரு" என்றாள். மூன்று பெட்டி பார்த்தாயிற்று, இன்னும் இரண்டு இருக்கின்றன. கமெண்டுகளுக்கு இன்று பதில் போட முடியாது.